கறுப்பர் என்னும் பெயர்: ஹெயிற்றி நாட்டின் தேசியக் கொள்கையும் நிறவுணர்வும்

கரிபியன் கடற்றீவுகளுள் கியூபாவை அடுத்துப் பெரியதாய் விளங்குவது ஹிஸ்பானியோலா என்னுந் தீவு. அதன் மேற்றிசைப் பாகத்தில், தீவின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினைத் தன்னகத்தே கொண்டு அமைந்துள்ளது ஹெயிற்றி நாடு. பிரெஞ்சு ஆட்சியின் கீழ் அடிமைகளாய் உழன்ற மக்கள் கிளர்ந்தெழுந்து, நெப்போலியன் விடுத்த பெரும்படையை முறியடித்து, 1804ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் தேதி தமக்கெனத் தனியரசு நிறுவிக்கொண்டனர். அடிமைகள் தம் ஆண்டைகளைப் போரில் வென்று நிலைபெற்ற அரசொன்றை அமைத்த நிகழ்ச்சி உலக வரலாற்றில் இஃதொன்றேயாம். இச்செய்தி வரலாறு பயில்வோர் பலரும் அறிந்தது. அத்துணைப் பலர் அறியாதது, அப்புதிய அரசு தன் குடிமக்களுக்கு இட்ட பெயராகும்.

1805ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் தேதியிடப்பெற்ற அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, ஒரே குடும்பத்துப் பிள்ளைகளிடையே நிறம்பற்றிய வேற்றுமை எதுவும் இருத்தல் கூடாதென்றும், ஹெயிற்றியர் யாவரும் இனிக் கறுப்பர் என்னும் பொதுப் பெயராலேயே அறியப்படுவர் என்றும் விதித்தது. அதற்கு முந்திய இரண்டு உறுப்புரைகளையுஞ் சேர்த்துப் படித்தாலன்றி இவ்விதியின் முழுப்பொருள் புலனாகாது. 12ஆம் உறுப்புரை, எந்நாட்டு வெள்ளையனும் ஆண்டையென்றோ உடைமையாளன் என்றோ அந்நிலத்தில் அடிவைத்தலாகாது எனத் தடுத்தது. 13ஆம் உறுப்புரையோ, அரசினாற் குடியுரிமை வழங்கப்பெற்ற வெள்ளைப் பெண்டிரையும் அவர்தம் மக்களையும், அவ்வாறே குடியுரிமை பெற்ற போலந்து நாட்டினரையும் ஜேர்மானியரையும் அத்தடையினின்றும் நீக்கியது. போலந்து நாட்டினர் நெப்போலியன் படையிற் சேர்க்கப்பட்டு அத்தீவுக்கு அனுப்பப்பட்டவர். அவருட் சிலர் தாம் எதிர்த்துப் போரிட வந்த மக்களின் பக்கமே சேர்ந்துகொண்டனர். ஆகவே வெண்டோலும் நீலக்கண்ணும் உடைய போலந்து வீரன் ஒருவன் ஹெயிற்றியின் சட்டத்தின் முன் கறுப்பன் ஆயினான். குடிமக்களின் நிறத்தைக் கூறுஞ் சட்டங்கள் பிற நாடுகளிலும் இருந்தன. அவை பெரும்பாலும் சிலரை வெளியே நிறுத்துதற்கு எழுந்தவை. இதுவோ பலரை உள்ளே சேர்த்துக்கொள்ளுதற்கு எழுந்தது. கறுப்பு என்பது தோலின் நிறத்தைக் குறியாது, அடிமைத்தனத்துக்கு மாறாக நின்ற நிலையைக் குறித்தது. இப்பெயர் பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் எவ்வாறு மீண்டுந் தோலுக்கே திரும்பிற்று என்பதும், அதனாற் பயன்பெற்றவர் யாவர் என்பதும் ஆராயற்பாலன.

இப்பெயரின் வலிமையை அறிதற்கு, அஃது எதனை மாற்ற வந்தது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். 1697இல் ஸ்பெயின் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்த இப்பகுதி, சென் டொமெங்கு என்னும் பெயரோடு பதினெட்டாம் நூற்றாண்டிற் செல்வம் மிக்க குடியேற்ற நாடாய் வளர்ந்தது. ஐரோப்பியர் நுகர்ந்த சீனியில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கும், கோப்பியிற் பாதிக்கு மேலும் அங்கிருந்தே சென்றன. 1789ஆம் ஆண்டளவில் அங்கே வெள்ளையர் ஏறத்தாழ 30,000 பேரும், அடிமைநிலை நீங்கிய கலப்பினத்தாருங் கறுப்பருமாக ஏறத்தாழ 28,000 பேரும் வாழ்ந்தனர். அடிமைகளோ 450,000 பேருக்கு மேற்பட்டோர். இவருட் பெரும்பாலோர் ஆபிரிக்காவிற் பிறந்தவர். கரும்புத் தோட்டத்திலும் ஆலையிலும் மாண்டவரின் இடத்தை நிரப்ப ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்டனர். பெற்று வளர்ப்பதிலும் வாங்குவது மலிவு என்பது தோட்ட முதலாளிகளின் கணக்கு.

மற்றுமொரு கணக்கும் அங்கே நடைபெற்றது. அச்சமுதாயத்தை விரிவாக எழுதிய மொறோ த சென்-மெரி என்னும் சட்டவறிஞர், மனிதன் ஒருவனை 128 கூறுகளாகப் பகுத்து, அவற்றுள் வெள்ளைக் கூறு எத்தனை, கறுப்புக் கூறு எத்தனை எனக் கணக்கிட்டு, ஒவ்வொரு கலப்புக்கும் ஒவ்வொரு பெயர் வகுத்தார். 127 கூறு வெள்ளையாய் ஒரு கூறே கறுப்பாயினும் அம்மனிதன் வெள்ளையனாகான். எண்கணிதம் இத்துணை நுட்பமாகவும் இத்துணை இழிவாகவும் பயன்பட்ட இடம் வேறு காண்டல் அரிது.

முலாற்றோ எனப்பட்ட கலப்பினத்தாரின் நிலை ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. இவருட் பலர் வெள்ளைத் தந்தையரிடமிருந்து நிலமுஞ் செல்வமும் பெற்றவர், கோப்பித் தோட்டங்கள் பலவற்றுக்கு உரிமையாளர், அடிமைகளையும் உடையவர். ஆயினும் வெள்ளையரோடு ஒக்க இருந்து உண்ணவோ, உயர் பதவி பெறவோ இவர்க்கு உரிமையில்லை. 1790இல் வன்சான் ஓஜே என்பார் தம்மினத்தார்க்கு அரசியலுரிமை வேண்டி ஆயுதமேந்தி, அடுத்த ஆண்டு பெப்ருவரியிற் சக்கரத்திற் பிணிக்கப்பட்டு எலும்பு முறிக்கப்பட்டு இறந்தார். அவர் கேட்டது சொத்துடையவர்க்குரிய உரிமையே. அடிமைகளின் விடுதலையை அவர் கேட்கவில்லை. நிறத்தால் ஒடுக்கப்பட்டவனே உடைமையால் ஒடுக்குபவனுமாயிருந்த இம்முரண்பாடு, ஆட்சி மாறிய பின்னும் அந்நாட்டை விட்டு நீங்கவில்லை.

1791 ஓகஸ்ட் மாதம் வடபகுதித் தோட்டங்களில் எழுந்த அடிமைகளின் கிளர்ச்சி, 1793இல் அங்கேயும் 1794இற் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள் அனைத்திலும் அடிமைமுறையை ஒழிக்கச் செய்தது. தூசேன் லூவெர்த்தூரின் தலைமையும், அவர் சிறைப்பட்டு 1803 ஏப்ரிலிற் பிரான்சின் குளிர்மலைக் கோட்டையொன்றில் உயிர்நீத்தமையும் விரித்துரைக்க வேண்டாதன. நெப்போலியன் அடிமைமுறையை மீண்டுங் கொணர முயல்கின்றான் என்பது தெளிவானபோதே கறுப்பரும் கலப்பினத்தாரும் ஒன்றுபட்டனர். அதற்கு முன், 1799இலும் 1800இலும், இவ்விரு சாராரின் தலைவர்கள் தம்முட் கொடிய போர் நிகழ்த்தியிருந்தனர். 1803 மே மாதத்தில் அர்க்காயே என்னுமிடத்திற் கூடியபோது, படைத்தலைவர் தெசலின் பிரெஞ்சு மூவண்ணக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்து, எஞ்சிய நீலத்தையுஞ் சிவப்பையும் இணைத்துத் தைப்பித்தார் என்பது மரபு. அவ்வாண்டு நவம்பர் 18இல் வெர்த்தியேர்ப் போரிற் பிரெஞ்சுப் படை தோற்றது. வெற்றிபெற்றோர் ஐரோப்பியர் இட்ட பெயரை நீக்கி, அத்தீவின் பழங்குடிகளாகிய தைனோ மக்கள் வழங்கிய மலைநாடு என்னும் பொருளுடைய ஹெயிற்றி என்ற பெயரைச் சூட்டினர். அடுத்து வந்த மாதங்களில் தெசலினின் ஆணையால் எஞ்சிய பிரெஞ்சு வெள்ளையருட் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் என்பதும் மறைத்தற்குரியதன்று. 1805இன் அரசியலமைப்பு அக்குருதி உலருமுன் எழுதப்பட்டது.

அவ்வமைப்பின் பெயரிடுதல் வெற்றுரையாய்ப் போய்விடவில்லை. மக்கள் நாவில் அது நிலைபெற்றது. அந்நாட்டார் அனைவரும் பேசும் கிறெயோல் மொழியில் 'நெக்' என்னுஞ் சொல் பிறப்பாற் கறுப்பனைக் குறித்ததேனும், வழக்கில் மனிதன் என்பதே அதன் பொருள். 'பிளான்' என்னுஞ் சொல் வெள்ளையனைக் குறித்ததேனும், வழக்கில் அந்நியன் என்பதே பொருள். ஐக்கிய அமெரிக்காவிலிருந்து வருபவன் கரிய நிறத்தவனாயினும் அவன் பிளான் எனவே அழைக்கப்படுதல் உண்டு. நிறச் சொற்கள் இரண்டும் நிறத்தை உதறிவிட்டு உரிமையையும் அயன்மையையும் குறித்து நிற்கும் இவ்வழக்கு மொழிநூலார்க்கும் ஆராயத்தக்கது.

ஆயின், பெயர் ஒன்றாயிற்றேயன்றி நிலம் பொதுவாகவில்லை. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற தோட்டங்கள் யாருக்குரியன என்னும் வினா உடனே எழுந்தது. வெள்ளைத் தந்தையரின் வழியுரிமை கூறிக் கலப்பினத்தார் பல தோட்டங்களைக் கைப்பற்றினர். கறுப்புப் படைத்தலைவர்கள் வாளின் உரிமை கூறிப் பிறவற்றைப் பெற்றனர். உழைத்தவர்க்கோ, சவுக்கு நீங்கியதேனும் தோட்டத்தை விட்டு நீங்கும் உரிமை கிட்டவில்லை. ஏற்றுமதியின்றி அரசு நிலையாதெனக் கருதிய தெசலின், படையினரின் காவலிலே அவரை வேலை செய்வித்தார். அவர் தாமும் அடிமையாயிருந்தவர். அவர் கொண்ட பெயரே, ஒருகால் அவரை விலைக்குக் கொண்டிருந்த, அடிமைநிலை நீங்கிய கறுப்பர் ஒருவரின் பெயர் என்பர். கலப்பினத்தாரின் நில உறுதிகளை அவர் ஆராயப் புகுந்தமை தென்பகுதியிற் பெருஞ்சினத்தை மூட்டிற்று. 1806 ஒக்டோபர் 17இல், தலைநகர்க்கு அணித்தாகிய செம்பாலத்தருகே அவர் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பெயரிட்டவன் இறந்தான்; நாடும் இரண்டாயிற்று. வடக்கே கறுப்பராகிய கிறிஸ்தோப் 1811இல் முடிசூடி மன்னரானார். தெற்கே கலப்பினத்தவராகிய பெத்தியோன் குடியரசுத் தலைவரானார்.

பெத்தியோனின் குடியரசு 14ஆம் உறுப்புரையின் சொல்லைப் பின்பற்றவில்லையேனும், அதன் உட்பொருளை வேறொரு வகையிற் காத்தது. 1816இன் அரசியலமைப்பு, ஆபிரிக்கருமோ அமெரிக்கப் பழங்குடியினருமோ அவர் வழித்தோன்றல்களோ அந்நாட்டில் வந்து குடியேறுவராயின் அவர் ஹெயிற்றியராகக் கொள்ளப்படுவர் என்றும், ஓராண்டின் பின் குடியுரிமை பெறுவர் என்றும் கூறியது. அடுத்த ஆண்டில் யமேக்காவிலிருந்து கப்பலொன்றிற் சில அடிமைகள் தப்பி வந்தனர். உரிமையாளன் அவரைத் திருப்பித் தருமாறு வேண்டியபோது, ஹெயிற்றி மண்ணை மிதித்த கணமே அவர் சுதந்திரரும் அந்நாட்டவரும் ஆயினர் எனக் கூறிப் பெத்தியோன் மறுத்தார். தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவார் அடைக்கலம் புகுந்தபோது படையும் கப்பலும் உதவி, கைம்மாறாக அடிமைகளின் விடுதலையையே அவர் வேண்டினார். கறுப்பு என்பது ஒரு நாட்டெல்லையுள் அடங்காத விடுதலைக் கொள்கையாய் விளங்கிய காலம் அது.

அக்கொள்கையை அஞ்சிய உலகம் அந்நாட்டை நெடுங்காலம் ஒதுக்கி வைத்தது. ஐக்கிய அமெரிக்கா ஹெயிற்றியை அங்கீகரித்தது 1862இலேதான். பிரான்சோ 1825இற் போர்க்கப்பல்களை அனுப்பி, தன் பழைய தோட்ட முதலாளிகள் இழந்த உடைமைக்கு ஈடாக 150 மில்லியன் பிராங்கு தந்தால் மட்டும் சுதந்திரத்தை ஏற்பதாகக் கூறிற்று. அவ்வுடைமையுள் அடிமைகளின் விலையும் அடங்கும்; விடுதலைபெற்றவரே தம் உடல்களுக்கு விலை செலுத்துமாறு நேர்ந்தது. 1838இல் தொகை குறைக்கப்பட்டதேனும், அதற்கென வாங்கிய கடன்களின் தொடர்ச்சி 1947வரை நீண்டது. சனாதிபதி புவாயே இச்சுமையைக் கோப்பி பயிரிட்ட குடியானவர் தோளில் ஏற்றினார். 1826இன் நாட்டுப்புறச் சட்டம் அவரை நிலத்தோடு பிணிக்க முயன்றது. அவர் மலைகளிற் சிறு நிலங்களைத் திருத்திக்கொண்டு அரசின் கைக்கு எட்டாது வாழத் தலைப்பட்டனர். நகரத்தார் இவரை இட்டழைக்கும் கிறெயோற் பெயர் 'மூன் அந்தெயோ' என்பது; புறத்தே உள்ள மனிதர் என்பது அதன் பொருள். நாட்டின் மிகப் பெரும்பாலாரே நாட்டுக்குப் புறத்தாராயினர்.

புறத்தார் வாளாவிருந்தாரல்லர். 1844இல் தென்பகுதிக் குடியானவர் ஈட்டியேந்தி எழுந்தனர். அவர் தலைவர் அக்காவோ தம் கூட்டத்தைத் துன்புறுவோர் படை எனப் பெயரிட்டழைத்தார். அவ்வெழுச்சியோடு சார்த்தி ஒரு பழமொழி வழங்கி வருகின்றது. செல்வமுடைய கறுப்பன் முலாற்றோ ஆவான், வறுமையுற்ற முலாற்றோ கறுப்பனாவான் என்பது அதன் கருத்து. எழுத்தறியாக் குடியானவரிடையே பிறந்த இவ்வொரு வாக்கியம், பின்னாளிற் பெருநூல்கள் கண்ட உண்மையைக் கண்டுவிட்டது. நிறமென்பது தோலிலன்றி நிலத்திலும் கல்வியிலும் இருக்கின்றது என அவர் உணர்ந்தனர்.

ஆள்வோரும் இதனை உணர்ந்தேயிருந்தனர் என்பதற்கு அக்காலத்தரசியலே சான்று. கலப்பினச் செல்வர் தாம் திரைமறைவில் நின்று, முன்னே கறுப்பர் ஒருவரைச் சனாதிபதியாக நிறுத்தி ஆண்டனர். பிரெஞ்சில் இம்முறைக்கு, ஆடையின் உட்புறத் துணியையும் மாற்று நடிகனையும் குறிக்குஞ் சொல்லொன்றாற் பெயர் வழங்கிற்று. 1847இல் இவ்வாறு அமர்த்தப்பட்ட சூலூக் என்பார், தம்மை ஆட்டுவிக்க எண்ணியோரையே அடுத்த ஆண்டிற் கொன்று குவித்துப் பேரரசராக முடிசூடினார். குடியானவர்க்கு அதனால் விளைந்தது யாதுமில்லை. நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆற்றலுடையார்க்கே ஆட்சி என்ற தாராளக் கட்சியும், பெரும்பாலார் நலனே ஆட்சி என்ற தேசியக் கட்சியும் மோதின. முன்னதிற் கலப்பினத்தாரும் பின்னதிற் கறுப்பருமே மிகுதி. இரண்டுக்கும் தலைமை தாங்கினோர் பிரெஞ்சு பேசிய சிறு குழுவினரே.

இக்குழுவினர் உள்நாட்டில் எவ்வாறிருந்தனரேனும், உலகின் முன் கறுப்பினத்தின் மாண்பை நிலைநாட்டுதலில் ஒன்றுபட்டனர் என்பதைக் கூறாதுவிடல் நடுவுநிலையன்று. மனித இனங்கள் இயல்பிலே ஏற்றத்தாழ்வுடையன எனக் கோபினோ என்னும் பிரெஞ்சுக்காரர் எழுதிய நூல் ஐரோப்பாவிற் செல்வாக்குப் பெற்றது. அதற்கு மறுப்பாக அந்தெனோர் பிர்மேன் என்னும் ஹெயிற்றி அறிஞர் 1885இற் பாரிசில் மனித இனங்களின் சமத்துவம் பற்றிய பெருநூலை வெளியிட்டார். கறுப்பர் தாழ்ந்தவர் எனப் பலர் கருதிய பாரிஸ் மானிடவியற் சங்கத்தில் அவர் தாமும் உறுப்பினராயிருந்தார். எனினும் நாகரிகம் என்பதற்கு அவர் காலத்து ஹெயிற்றிக் கற்றோர் கொண்ட அளவுகோல் பெரும்பாலும் பிரான்சினுடையதே. கறுப்பனும் பிரெஞ்சுக்காரன்போல் ஆகவல்லன் என்பது அவர் வாதம்; மலைக் குடியானவனின் மொழியும் சமயமும் அவ்வாதத்துள் இடம்பெறவில்லை. ஆபிரிக்க மரபும் கத்தோலிக்க மரபும் விரவி வளர்ந்த வூடு சமயம் 1835 முதல் தண்டனைச் சட்டத்துட் சூனியமாகவே எண்ணப்பட்டது.

இம்மயக்கத்தை உடைத்தவர் அந்நியரே. 1915 ஜூலை 28இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படையினர் ஹெயிற்றியில் இறங்கி 1934வரை அதனை ஆக்கிரமித்து நின்றனர். தெசலின் காலந்தொட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நின்ற, அந்நியர் நிலம் கொள்ளலாகாது என்ற தடை 1918இன் அரசியலமைப்பில் நீக்கப்பட்டது. தெருவமைத்தற்குக் குடியானவர் கயிற்றாற் பிணித்துக் கொண்டுசெல்லப்பட்டனர். எதிர்த்தெழுந்த சார்லமேன் பெரால்ற் 1919இற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலைக் கதவொன்றிற் கட்டி நிழற்படமெடுத்து விமானத்திலிருந்து ஊர்தோறும் வீசினர். சிலுவையிலறையப்பட்ட இயேசுவை நினைவூட்டிய அப்படம், அச்சுறுத்துதற்கு மாறாக அவரைத் தேசத் தியாகியாக்கிற்று. நகரத்துச் செல்வர்க்கோ வேறொரு பாடம் கிடைத்தது. பாரிசிற் கற்ற கலப்பினத்தானையும் மலைக் குடியானவனையும் அமெரிக்கப் படையினர் ஒரே சொல்லால் இழித்துரைத்தனர். தம் கழகங்களில் இருவரையும் சேர்த்திலர். 14ஆம் உறுப்புரை அன்பினால் ஆக்க முயன்ற ஒருமையை ஆக்கிரமிப்பாளர் இகழ்ச்சியினால் ஆக்கினர்.

இந்நிலையிலேதான் ஜான் பிறைஸ்-மார்ஸ் என்பாரின் குரல் எழுந்தது. 1876இற் பிறந்த இவர் மருத்துவர், கல்வியாளர், தூதுவர் எனப் பல துறையிற் பணியாற்றியவர், கறுப்பர். 1928இல் இவர் வெளியிட்ட 'இவ்வாறு பேசினார் மாமன்' என்னும் நூல் ஹெயிற்றியின் சிந்தனையை இரண்டாக வகிர்ந்தது எனலாம். தாம் அல்லாத ஒன்றாகத் தம்மைக் கற்பனைசெய்து வாழும் நோய் தம் நாட்டுக் கற்றோரைப் பற்றியுள்ளது என அவர் கூறினார். பிளோபேர் என்னும் பிரெஞ்சு நாவலாசிரியரின் கதைத்தலைவியாகிய பொவாரியின் பெயரால் அந்நோய்க்குப் பெயருமிட்டார். அம்மாது தன் சிற்றூர் வாழ்வை மறந்து தன்னைக் காவியத் தலைவியாக எண்ணிக் கெட்டழிந்தாள். ஹெயிற்றிக் கற்றோர் தம்மை நிறமேறிய பிரெஞ்சுக்காரராக எண்ணினர்.

பிறைஸ்-மார்ஸ் செய்தது வெறுங் கண்டனமன்று. நாட்டார் கதைகள், பழமொழிகள், விடுகதைகள், பாடல்கள், மணவினைகள் என்பவற்றை ஊரூராய்த் திரட்டி ஆராய்ந்தார். தெய்வங்களும் குருமாரும் கோயில்களும் சடங்குகளும் உடைய வூடு ஒரு சமயமே எனத் தருக்கமுறையில் நிறுவினார். ஆபிரிக்க நாகரிகங்களின் வரலாற்றை எடுத்துக்காட்டி, முன்னோர் பற்றிய நாணத்துக்கு இடமில்லை என்றார். அவர் கூறியதன் சாரம் யாதெனின், கறுப்பராயிருத்தல் என்பது பிரான்சுக்கு நிகராதல் அன்று, புறத்தே தள்ளப்பட்ட குடியானவனின் பண்பாட்டைத் தம்முடையதென ஏற்றல் என்பதேயாம். 1956இற் பாரிசிற் கூடிய கறுப்பின எழுத்தாளர் முதல் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார்.

அவர் நூலினின்றும் இரு வழிகள் பிரிந்தன. அவற்றுள் ஒன்று ஜாக் றூமேனின் வழி. இவர் சனாதிபதி ஒருவரின் பேரனார். செல்வமிக்க கலப்பினக் குடியிற் பிறந்தவர். 1934இல் ஹெயிற்றிப் பொதுவுடைமைக் கட்சியை நிறுவி, நிறத்தாற் காட்டப்படும் வெறுப்பு வர்க்கப் போராட்டத்தின் வெளித்தோற்றமே என எழுதினார். 1941இல் அரசின் துணையோடு கத்தோலிக்கத் திருச்சபை வூடு கோயில்களை அழித்து முரசங்களை எரித்தபோது, குடியானவர்க்கு மருத்துவமும் கல்வியுமின்றிச் சமயத்தை மட்டும் பறித்தல் தகாதென வாதிட்டார். மற்றையது, 1938இல் 'கிறியோ' என்னும் இதழைத் தொடங்கிய இளைஞர் குழுவின் வழி. அவருள் ஒருவர் பிரான்சுவா துவாலியே என்னும் மருத்துவர். ஆபிரிக்க உள்ளம் என்ற ஒன்று இரத்தத்தில் வருவது, அதற்குரிய ஆட்சிமுறையும் தனியானது, நாட்டின் வரலாறு முழுவதும் கறுப்பர்க்கும் கலப்பினத்தார்க்குமிடையே நிகழ்ந்த போராட்டமே, ஆதலாற் பெரும்பாலாராகிய கறுப்பரின் பிரதிநிதிகளே ஆளல் வேண்டும் என அவர் கூறினர். நுவாரிசம் என வழங்கப்பட்ட இக்கொள்கையைக் கறுப்புவாதம் எனத் தமிழிற் கூறலாம். பிறைஸ்-மார்ஸ் குடியானவனின் பண்பாட்டை நோக்கிக் கைகாட்டினார். கறுப்புவாதிகள் அக்கையைத் தம்மை நோக்கித் திருப்பிக்கொண்டனர்.

செல்வக் கலப்பினத்தான் ஒருவன் நிறம் முதன்மையன்று எனக் கூறுதல் எளிதே எனக் கறுப்பு நடுத்தர வகுப்பார் ஐயுற்றமையில் வியப்பில்லை. அவர்தம் மனக்குறை பொய்யன்று. சனாதிபதி லெஸ்கோவின் ஆட்சியில் (1941-1946) உயர் பதவிகள் பெரும்பாலும் வெளிர்நிறத்தார்க்கே உரியவாயின. 1946 சனவரியில் மாணவர் தொடங்கிய கிளர்ச்சி அவ்வாட்சியைக் கவிழ்த்தது. அவ்வாண்டு பதவியேற்ற துமார்சே எஸ்திமே கறுப்பு நடுத்தர வகுப்பார்க்கு அரசுப் பணிகளைத் திறந்துவிட்டார். 1950இல் படையினர் அவரை நீக்கினர். 1957 செப்தெம்பரில், எஸ்திமேயின் வழித்தோன்றல் எனத் தம்மைக் கூறிக்கொண்டு தேர்தலில் வென்றவர் துவாலியே.

அவர் கறுப்பு என்னும் பெயரைக் கைவிட்டாரல்லர், எங்கும் ஒட்டிவைத்தார். வூடு குருமாரை அணைத்துக்கொண்டார். அந்நியரே மிகுந்திருந்த திருச்சபையில் ஹெயிற்றியரை ஆயராக்க 1966இல் வத்திக்கானுடன் உடன்படிக்கை செய்தார். இதன் நியாயத்தை மறுத்தற்கில்லை. 1964இல் வாழ்நாட் சனாதிபதியாகத் தம்மை அறிவித்து, கொடியையுங் கறுப்புஞ் சிவப்புமாக மாற்றினார். அவ்வண்ணங்கள் தெசலினின் 1805ஆம் ஆண்டு அரசியலமைப்பில் உள்ளவையே. வண்ணம் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. தெசலினின் கறுப்புள் போலந்துக்காரனுக்கும் இடமிருந்தது. துவாலியேயின் கறுப்புள், அவர்க்கு அடங்காத கறுப்பனுக்கே இடமில்லை. தோன்தோன் மக்கூத் என மக்கள் அஞ்சி அழைத்த அவருடைய படையினராற் கொல்லப்பட்டவருட் பெரும்பாலோர் கறுப்பரே. குறும்பு செய்யும் பிள்ளைகளைச் சாக்கிலிட்டுக் கொண்டுபோகும் கதை மாமனின் பெயர் அது. பிறைஸ்-மார்ஸ் காட்டிய கதை சொல்லும் மாமனின் இடத்திற் சாக்கு மாமன் வந்தமை அக்கொள்கையின் விதியைச் சுருங்கக் காட்டுகின்றது.

கலப்பினத்தாரும் துன்புற்றனர். 1964இல் ஜெரெமி நகரிற் பல கலப்பினக் குடும்பங்கள் குழந்தைகளோடு அழிக்கப்பட்டன. ஆயின் ஏற்றுமதி வணிகமும் பெருஞ்செல்வமும் முன்னிருந்த கைகளை விட்டு நீங்கவில்லை; அரசியலில் தலையிடாது பணங் கொடுத்தோர் வாழ்ந்தனர். குடியானவன் நிலம் பெற்றானல்லன். அவன் விளைத்த கோப்பியின்மீதான வரியே ஆட்சியை ஊட்டி வந்தது. 1980இல் துவாலியேயின் மகனும் அவருக்குப்பின் சனாதிபதியுமான ஜான்-குளோத், கலப்பின வணிகக் குடும்பமொன்றிற் பெண்கொண்டார். கறுப்புவாதத்தின் உள்ளீடு யாதென்பதை அம்மணவிழாவின் ஆடம்பரத்தினும் தெளிவாக எந்நூலும் காட்டவில்லை.

இதனை வெளிப்படையாக மறுத்துரைத்தவர் மீண்டும் பிறைஸ்-மார்ஸே. 1967இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், கறுப்புவாதத்தின் அறிஞர் ஒருவர்க்குத் திறந்த மடலொன்றை அவர் எழுதி வெளியிட்டார். நிறம்பற்றிய வெறுப்புத்தான் சமுதாயப் பிரச்சினையோ என்பது அம்மடலின் வினா. ஹெயிற்றியின் வரலாற்றை நிறப்போராகச் சுருக்குதல் பொருந்தாது என்பது அவர் விடை. றூமேன் கூறியபோது ஐயுறப்பட்ட கருத்து, கறுப்பரும் அவ்வியக்கத்தின் மூலவருமானவர் வாயிலிருந்து பிறந்தபோது அவ்வாறு தள்ளத்தக்கதாயில்லை. கொடுங்கோல் உச்சநிலையில் நின்ற ஆண்டில் அம்முதியவர் இதனைச் செய்தார் என்பது கருதத்தக்கது. இரண்டாண்டின் பின் அவர் காலமானார்.

அவர் மறைந்த அதே 1969ஆம் ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றுங் குறிப்பிடத்தக்கது. தலைநகர்க்கு வடக்கே மலையிடையே கசால் என்னும் சிற்றூர் உள்ளது. 1805இன் சட்டத்தாற் கறுப்பராக்கப்பட்ட போலந்து வீரரின் வழிவந்தோர் அவ்வூரில் வாழ்கின்றனர். வெளிர்ந்த தோலும் ஒளிர்ந்த கண்ணுமுடைய குடியானவர் பலரை அங்கே காணலாம். தண்ணீருக்கு விதித்த வரியையும் அதிகாரிகளின் கொடுமையையும் பொறாத அவ்வூரார், பொதுவுடைமை இளைஞர் சிலரின் துணையோடு, 1969 மார்ச் மாத இறுதியிற் கறுப்புஞ் சிவப்புமான கொடியை இறக்கி, அர்க்காயேயில் தைக்கப்பட்ட நீலமுஞ் சிவப்புமான பழைய கொடியை ஏற்றினர். படையினர் வந்து வீடுகளை எரித்தனர், பலர் கொல்லப்பட்டனர், பலர் காணாமற் போயினர்.

1986 பெப்ருவரி 7இல் ஜான்-குளோத் துவாலியே நாட்டை விட்டு ஓடினார். அம்மாத இறுதிக்குள் நீலமுஞ் சிவப்புமான கொடி மீண்டும் ஏறிற்று. 1987 மார்ச்சில் மக்கள் ஏற்ற அரசியலமைப்பு, ஹெயிற்றியர் அனைவரையும் ஒன்றுபடுத்தும் மொழி கிறெயோல் எனக் கூறி, அதனைப் பிரெஞ்சுக்கு நிகரான அரசமொழியாக்கியது. மூடநம்பிக்கைச் செயல்கள் எனக் கூறி வூடுவை ஒடுக்கிய 1935ஆம் ஆண்டின் கட்டளையையும் நீக்கிற்று. 2003இல் அரசு வூடுவைச் சமயமாக அங்கீகரித்தது. நாட்டுப்புறத்தான் தன் மொழியில் நீதிமன்றத்தில் நின்று பேசவும், தன் தெய்வத்தை அச்சமின்றி வணங்கவும் சட்டம் இடமளிக்க, சுதந்திரம் பெற்ற பின் இரு நூற்றாண்டுகள் சென்றன. நிலத்தைப் பற்றிய வினாவோ, தெசலின் செம்பாலத்தருகே வீழ்ந்த நாளில் இருந்தவாறே கிடக்கின்றது. மலைச்சரிவிற் சிறு துண்டு நிலத்தை உழுபவனை மூன் அந்தெயோ என நகரத்தார் அழைப்பதும் நின்றபாடில்லை.